பழைய ஆல் வீல் டிரைவ் செடான் வாங்கப் போகிறீர்களா? டயரிலிருந்து ஆரம்பியுங்கள்

நீங்கள் கேட்டது இது. தினமும் வேலைக்கு ஓட்டவும், லீவு நாளில் மலைப்பாதையில் கொஞ்சம் விரட்டவும் பழைய ஆல் வீல் டிரைவ் செடான், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பலம் போகும் கார், ஒன்று வேண்டும். மூன்று கார்கள் பார்த்து வைத்திருக்கிறீர்கள். 2011 சுபாரு எஸ்.டி.ஐ., 1,10,000 கி.மீ. ஓடியது, சைலன்சரையும் டியூனையும் (இன்ஜினை இயக்கும் மென்பொருள் அமைப்பு) மாற்றியது. 2010 மிட்சுபிஷி லான்சர் எவோ 10, தானாகக் கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ், 80,000 கி.மீ., எதுவும் மாற்றாதது. 2013 ஆடி எஸ்4, 1,40,000 கி.மீ., முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் இருக்கிறது. எதை வாங்கலாம், எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், ஆடி. கி.மீ. அதிகம் என்பதால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். இந்த வகைக் கார்களில் எந்த மாடல் என்பதைவிட, இதுவரை வைத்திருந்தவர் அதை என்ன பாடு படுத்தினார் என்பதுதான் பெரிய விஷயம். அதை அவர் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காரிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தால் போதும்.

எவோவும் எஸ்.டி.ஐ.யும் ராலி பந்தயத்துக்காகவே பிறந்த குடும்பங்கள். லான்சரில் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். சுபாருவில் காலின் மெக்ரே 1995-இல் ஆனார். இந்தக் கார்களை வாங்கியவர்களில் பலர் அந்தப் பெயர்களை மனதில் வைத்துத்தான் வாங்கினார்கள், ஓட்டினார்கள். ஆடி எஸ்4 வாங்கியவர் பெரும்பாலும் வேகமான ஆபீஸ் கார் வேண்டும் என்று வாங்கியவர். எல்லாரும் அப்படி இல்லைதான். ஆனாலும் பழைய கார் சந்தையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சரி, காருக்கு வருவோம். போனதும் பானட்டைத் திறக்காதீர்கள். குனிந்து நான்கு டயரையும் பாருங்கள். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவா? பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கின் தேதியும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா? பிறகு டிரெட் என்னும் டயர் பள்ளங்களின் ஆழம் அளக்கும் சின்ன அளவுகோலால் ஒவ்வொன்றையும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஸ்.டி.ஐ.யில் வரும் 245/40 ஆர்18 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,050 மி.மீ. புது டயரில் டிரெட் சுமார் 8 மி.மீ. இருக்கும். பாதி தேய்ந்ததில் 4. ஆரம் 4 மி.மீ. குறைந்தால் சுற்றளவு 25 மி.மீ. குறைகிறது. முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு பாதி தேய்ந்தது என்றால், ஒவ்வொரு கி.மீ.க்கும் பின் சக்கரங்கள் ஏறக்குறைய 6 சுற்று கூடுதலாகச் சுற்றும். இரு சக்கர டிரைவ் காரில் இது யாருக்கும் தொந்தரவு இல்லை. இங்கே முன்னும் பின்னும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி) அல்லது கிளட்ச் வழியாகப் பிணைந்திருக்கின்றன. நேர் சாலையில் போகும்போதுகூட அது ஓயாமல் அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்.டி.ஐ.யின் தம்பியான மேனுவல் டபிள்யூ.ஆர்.எக்ஸில் உள்ள விஸ்கஸ் கப்ளிங் (திரவத்தால் பிணைக்கும் பாகம்) சூடாகி, உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் கெட்டு, இறுகிப் போவது இப்படித்தான். பி.எம்.டபிள்யூ.வின் ஆல் வீல் டிரைவான எக்ஸ்டிரைவில், முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் தேய்ந்து மெதுவான வேகத்தில் உதறுவதும் பல நேரம் இதனால்தான். நான்கு டயருக்கும் இடையே சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று சுபாரு சொல்கிறது. டிரெட் கணக்கில் அது வெறும் 1 மி.மீ.

அதனால் இரண்டு டயர் புதுசு, இரண்டு பழசு என்று நிற்கும் காரைப் பார்த்தால், "நல்லவேளை, ரெண்டு டயர் புதுசாப் போட்டிருக்கார்" என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த ஓனருக்குத் தன் கார் எப்படி வேலை செய்கிறது என்பதே தெரியவில்லை என்று அர்த்தம். டயரில் இப்படிச் செய்தவர் டிஃபரன்ஷியல் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பாரா?

அடுத்து, காலியான இடம் ஒன்று பார்த்து, கார் சூடான பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, நடை வேகத்தில் வட்டம் அடியுங்கள். இரண்டு பக்கமும், முன்னோக்கியும் ரிவர்ஸிலும். கார் தடையில்லாமல் உருள வேண்டும். யாரோ பிரேக்கை லேசாக அழுத்துவது போல இழுத்தால், அல்லது டயர் துள்ளித் துள்ளி உரசினால், நடுப் பிணைப்பு இறுகியிருக்கிறது. எஸ்.டி.ஐ.யில் மட்டும் ஒரு எச்சரிக்கை: நடு டிஃபரன்ஷியலின் பிடியை டிரைவரே சுவிட்சில் கூட்டிக் குறைக்கலாம். அது லாக்கில் இருந்தால் இப்படி இழுப்பது இயல்பு. ஆட்டோவில் வைத்துச் செய்யுங்கள். எவோவில் வட்டம் அடிக்கும்போது பின்னாலிருந்து கடகட சத்தம் வந்தால் பின் டிஃபரன்ஷியலின் கிளட்ச் தட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். சில நேரம் சரியான ஆயிலை மாற்றினாலே அடங்கிவிடும்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. ஆடி எஸ்4-இல் குவாட்ரோ என்றால் நடுவில் எப்போதும் வேலை செய்யும் இயந்திர டிஃபரன்ஷியல். எஸ்3 செடானிலும் அதே பெயர்தான் ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது ஹால்டெக்ஸ் கிளட்ச்: சாதாரணமாக முன் சக்கரம் இழுக்கும், தேவைப்படும்போது பின்னுக்கும் பலம் போகும். அதன் ஆயிலை மாற்றாமல் விட்டாலோ, பம்பின் சல்லடையில் தூசு அடைத்தாலோ, எந்த விளக்கும் எரியாமலே கார் வெறும் முன் சக்கரக் காராக ஓடிக்கொண்டிருக்கும். ஈரமான தரையில் வேகமாகக் கிளப்பும்போது முன் டயர் மட்டும் வழுக்கினால் புரிந்துகொள்ளுங்கள். மூன்றோடு நிற்காமல் எஸ்3, மெர்சிடிஸ் சி.எல்.ஏ.45 பக்கமும் கண் போனால் இதை நினைவில் வையுங்கள்.

இனி, மாற்றியமைத்த கார். எஸ்.டி.ஐ. விஷயத்தில் என் தயக்கம் முழுக்க இங்கேதான். சைலன்சர் மாற்றியது குற்றமில்லை. யார் டியூன் செய்தார், எந்தப் பெட்ரோலுக்குச் செய்தார், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு, எரிபொருள் கலவையை அளந்த பதிவு இருக்கிறதா? இந்த நான்குக்கும் விற்பவர் காகிதத்தோடு பதில் சொன்னால் மேலே பேசலாம். "ஸ்டேஜ் 2 தான், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்பது பதில் இல்லை. டியூன் செய்யும் கைக்கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால் அதையும் காரோடு வாங்குங்கள், இல்லையென்றால் எதிரிலேயே கம்பெனி டியூனுக்குத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அந்தக் கருவிகள் காரின் கம்ப்யூட்டரோடு பூட்டிக்கொள்ளும். அது கையில் இல்லாமல் பின்னால் டியூனைத் தொட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

அதைவிட ஆபத்தானது, விற்பதற்காகவே பழையபடி மாற்றி வைத்த கார். "எதுவும் மாற்றாதது" என்ற எவோவையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். டர்போவைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் புது ஸ்பானர் தடம், துருப்பிடித்த குழாய்களுக்கு நடுவே பளபளக்கும் ஒரு கிளாம்ப், ஏ பில்லர் (முன் கண்ணாடி ஓரத் தூண்) பிளாஸ்டிக்கில் மீட்டர் பொருத்தி எடுத்த ஓட்டை, பானட்டுக்குள் எங்கும் போகாமல் முடியும் ஒரு ஒயர், டயர் வளைவின் உள் விளிம்பில் அகல டயர் உரசிய தடம். ஒன்றிரண்டு இருந்தால் கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களில் கம்பெனி சர்வரில் டி.டி.1 என்று ஒரு குறியீடு விழுந்திருக்கும், இன்ஜின் மென்பொருளை யாராவது மாற்றியிருந்தால். டீலரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

இன்ஜினுக்கு வருவோம். மூன்றுக்கும் மூன்று விதமான வியாதி.

எஸ்.டி.ஐ.யின் 2.5 லிட்டர் ஈ.ஜே.25 பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானுக்குள் விற்ற எஸ்.டி.ஐ.யில் 2.0 லிட்டர் ஈ.ஜே.20 கடைசி வரை இருந்தது. வெளியே பெரும்பாலும் 2.5தான். இதில் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர் உடையும், அதிகமும் நான்காவது சிலிண்டரில். மோசமான டியூன், தரம் குறைந்த பெட்ரோல், நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) மூன்றும் சேர்ந்தால் சீக்கிரமே. இன்னொன்று ஆயில். இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், ஓனர் அளவு பார்க்காமல் விட்டால் கனெக்டிங் ராட் பேரிங் போகும். அப்புறம் ஆயில் உறிஞ்சும் குழாயில் வெல்டு விரிசல் விடுவதும் தெரிந்த கதை. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் மட்டும் போதாது. ரிங் சுவர் உடைந்த சிலிண்டர்கூட சில நேரம் அதில் நல்ல எண் காட்டிவிடும். லீக் டவுன் டெஸ்ட் கேளுங்கள்: சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது, எந்த வழியாகக் கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் வேறு கார் பாருங்கள். ஸ்கேனர் மாட்டினால் டைனமிக் அட்வான்ஸ் மல்டிபிளையர் என்று ஒரு எண் வரும், 1-இல் நிற்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால் இன்ஜின் நாக் ஆகிறது, கம்ப்யூட்டர் பயந்து டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறது என்று பொருள். பேட்டரியை இப்போதுதான் கழற்றி மாட்டியிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

எவோ 10-இல் பழைய எவோக்களின் வார்ப்பிரும்பு 4ஜி63 இல்லை, அலுமினிய 4பி11 டர்போ. திடமான இன்ஜின். பெல்ட் இல்லை, செயின். ஆரம்ப வருடக் கார்களில் அந்தச் செயின் நீண்டு போவது உண்டு. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் முன்பக்கம் கிடுகிடு சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். என் கவலை வேறு இரண்டு இடத்தில். ஒன்று, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஆயிலும் ஃபில்டரும் நேரத்துக்கு மாற்றி, சூட்டில் வதைக்காமல் ஓட்டியிருந்தால் நன்றாகவே இருக்கும். ஆயில் மாற்றிய பில் இல்லாத கார் 80,000 கி.மீ.யில் வந்தால் அந்தக் குறைந்த கி.மீ.க்கு மதிப்பில்லை. கியர்பாக்ஸ் நொடித்தால் காரின் விலையில் பெரிய பங்கைக் கேட்கும். இரண்டாவது, நடு, பின் டிஃபரன்ஷியல்களை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்தில் வைத்திருக்கிறார்கள், யார் யோசனையோ! துருப்பிடித்துப் போகும். டேஷ்போர்டில் எஸ்.ஏ.டபிள்யூ.சி. (எவோவின் ஆல் வீல் டிரைவ் அமைப்பு) எச்சரிக்கை ஒரு முறை மின்னி மறைந்தாலும் அலட்சியம் வேண்டாம். ஐந்து கியர் மேனுவல் எவோ 10 கிடைத்தால், கி.மீ. கொஞ்சம் கூடுதலானாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

எஸ்4-இல் நீங்கள் பார்த்திருப்பது 3.0 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி6, 333 குதிரைசக்தி. இதற்கு முந்தைய 4.2 லிட்டர் வி8 எஸ்4-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் டைமிங் செயின்கள் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கின்றன. வழிகாட்டி பிளாஸ்டிக் தேய்ந்தால் இன்ஜினையே இறக்க வேண்டும். சத்தம் அருமை, பழைய காராக வாங்க மாட்டேன். 3.0-இல் தெரிந்த குறைகள் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், சூப்பர்சார்ஜருக்கு அடியில் இருக்கும், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் வால்வு. சூப்பர்சார்ஜரைக் கழற்றினால்தான் சிலவற்றுக்குக் கை போகும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். அப்படி ஒரு பில் அந்த பில்களுக்கு நடுவே இருந்தால் அதற்காகவே கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம். நேரடி எரிபொருள் ஊசி என்பதால் இன்டேக் வால்வில் கரி படியும். ஐடிலில் தடுமாறினால் சந்தேகம் கொள்ளுங்கள். 7 கியர் எஸ் ட்ரானிக் என்ற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு ஏறக்குறைய 60,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். 1,40,000 ஓடியதால் இரண்டு பில் இருக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு இடையே பலத்தைப் பங்கிடும் ஸ்போர்ட் டிஃபரன்ஷியல் உள்ள கார் என்றால் அதற்குத் தனி ஆயில், அதற்கும் பில் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளில், நீங்கள் வரும்வரை காரைக் கிளப்ப வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட் மேல் கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த கிளப்பலில்தான் செயின் சத்தம், பிஸ்டன் தட்டல், டர்போவிலோ வால்வு சீலிலோ கசிந்து வரும் நீலப் புகை எல்லாம் தெரியும். சுபாருவில் குளிரில் தட்டி, சூடானதும் மறையும் சத்தம் பிஸ்டன் ஸ்லாப், பெரிய ஆபத்தில்லை. சூடான பிறகும் நிற்காமல் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறினால் பேரிங். அங்கேயே இன்ஜினை நிறுத்திவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

ஓட்டும்போது ரேடியோ வேண்டாம். 60 முதல் 100 கி.மீ. வேகத்தில் சீராகப் போய், ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி கொடுங்கள். பின்னாலிருந்து ஊளை வருகிறதா, கொடுக்கும்போது மட்டுமா விடும்போது மட்டுமா? டிஃபரன்ஷியல் என்றால் ஆக்சிலரேட்டரோடு சத்தம் மாறும். வீல் பேரிங் என்றால் வேகத்தோடு மட்டும் ஏறும், வளைவில் ஒரு பக்கம் கூடும். மேனுவல் காரில் உயர் கியரில், 2,500 ஆர்.பி.எம்.மில் இருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். மட்டும் தாவினால் கிளட்ச் முடிந்துவிட்டது. நான்கு சக்கரமும் தரையைப் பிடிப்பதால் வேகமாகக் கிளப்பும்போது டயர் வழுக்காது. அந்த அதிர்ச்சி முழுக்க கிளட்சுக்கும் கியருக்கும் போகிறது. நின்ற இடத்திலிருந்து ஆர்.பி.எம். ஏற்றிப் பாய்ச்சி, அதாவது லாஞ்ச் செய்து விளையாடியவரின் காரை இதில் கண்டுபிடிக்கலாம். இரட்டை கிளட்ச் கார்களை நெரிசலில் ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள், வேகத்தில் எல்லாமே நன்றாகத்தான் மாறும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உதறுகிறதா என்பதுதான் சோதனை.

முடிந்ததும் ஸ்கேனரில் ரெடினஸ் மானிட்டர்களை, அதாவது காரின் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடித்ததா என்று காட்டும் பட்டியலைப் பாருங்கள். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை, ஆனால் மானிட்டர்கள் பலவும் முடியவில்லை என்று காட்டினால், சமீபத்தில் யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள். இந்த ஒரு சோதனைக்காகவே மலிவான ஸ்கேனர் ஒன்று வாங்கலாம்.

பாடி விஷயம் எந்தப் பழைய காருக்கும் பொதுவானதுதான்: கதவு இடைவெளி, பெயின்ட் கனம், போல்ட் தலையில் பெயின்ட் உடைந்த தடம், கண்ணாடிகளின் தேதி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஃப்டில் ஏற்றி டிஃபரன்ஷியல் கூடுகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கல் அடித்த தழும்பும் ஆயில் ஈரமும் காரை எங்கே ஓட்டினார்கள் என்று காட்டிக்கொடுக்கும். கார் எப்போதாவது பழுதாகி இழுத்துப் போகப்பட்டதா என்றும் கேளுங்கள். இரண்டு சக்கரத்தைத் தூக்கி, இரண்டைத் தரையில் உருட்டி இழுத்திருந்தால் நடு டிஃபரன்ஷியல் அடிபட்டிருக்கும்.

பணம். கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு மீதிக்குத்தான் கார் தேடுவேன். நான்கு டயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பெரிய பிரேக் டிஸ்க், உயர் ஆக்டேன் பெட்ரோல், இன்சூரன்ஸ் என்று முதல் வருடத்திலேயே அது கரையும். முழுப் பணத்தையும் விலையில் கொடுத்துவிட்டு, டயரை இரண்டிரண்டாக மாற்றுபவர் கையில்தான் இந்தக் கார்கள் சாகின்றன.

ஆக உங்கள் வரிசை: முதலில் எஸ்4. கியர்பாக்ஸ் பில் இரண்டும் இருந்து, குளிர்ந்த கிளப்பல் சுத்தமாக இருந்தால் மற்ற இரண்டையும் பார்க்கக்கூட வேண்டாம். அது சரிவராவிட்டால் எவோ, பம்பையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் பார்த்த பிறகு. எஸ்.டி.ஐ. கடைசி. ஓட்டும்போது மூன்றில் மனசுக்குப் பிடிக்கப் போவது அதுவாகவே இருக்கலாம், ஸ்டியரிங் அப்படி. அப்படியென்றால் லீக் டவுன் டெஸ்டுக்கு உங்கள் செலவில், உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சம்மதமா என்று விற்பவரைக் கேளுங்கள். சம்மதித்தால் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். மறுத்தால் விலையை எவ்வளவு இறக்கினாலும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் முதல் வாரமே இன்ஜின், கியர்பாக்ஸ், முன், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர், பிரேக் என்று எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள். வடியும் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் பிடிக்கச் சொல்லி, காந்த போல்ட்டில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாவு போல நைசாகச் சாம்பல் பூச்சு இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் துணுக்கு இருந்தால், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம்.